400 டாலர் ஹெல்மெட் மகனின் மூளையைக் காப்பாற்றுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் 12 வயது மகன் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்திருக்கிறான். வார இறுதியில் தனியார் லீக்கிலும் ஆட வேண்டும் என்கிறான். பள்ளி கொடுத்த ஹெல்மெட் பழசாகத் தெரிகிறது. லீக்கில் பயிற்சி தரும் ஒருவர், அடிபட்டு மூளை குலுங்கும் “கன்கஷனே வராது” என்று ஒரு ஹெல்மெட்டை 400 டாலருக்குச் சொல்கிறார். மேலே மாட்டும் மெத்தைத் தொப்பி, விசேஷ வாய்க்காப்பு எல்லாம் சேர்த்தால் 550. தெரிந்த குடும்பம் ஒன்று தங்கள் பையன் போட்டதை 90 டாலருக்குத் தருகிறது. எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். பள்ளி கொடுத்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். ஆட்டத்தில் ஏற்படும் கடுமையான தலைக்காயத்தையோ கழுத்துக் காயத்தையோ எந்த ஹெல்மெட்டாலும் முழுவதும் தடுக்க முடியாது என்று தயாரித்த நிறுவனமே அதில் எழுதியிருக்கும். அந்தப் பயிற்சியாளர் விற்கும் 400 டாலர் ஹெல்மெட்டிலும் அதே வாசகம்தான் இருக்கும். “கன்கஷனே வராது” என்று வாயால் சொல்பவரிடம், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

ஹெல்மெட் காப்பது மண்டை ஓட்டை. கன்கஷன் என்பது உள்ளே மூளை குலுங்குவது. தூக்குவாளி நசுங்காமலே இருக்கலாம், உள்ளே இருக்கும் சாம்பார் தளும்பத்தான் செய்யும். அதிலும் பக்கவாட்டில் அடி விழுந்து தலை சட்டென்று திரும்பினால், மூளை சற்றே பின்தங்கித் திரும்புகிறது. அந்த இழுப்பில்தான் நரம்பு இழைகள் பாதிக்கப்படுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகக் கன்கஷன் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1968இல் மட்டும் இந்த ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ‘நாக்ஸி’ என்று அழைக்கப்படும் தரநிர்ணயக் குழு அமைந்தது. 1973இல் முதல் ஹெல்மெட் தரம் வந்தது. 1976இல் தலையை முன்னே நீட்டி மோதுவதை விதி தடை செய்தது. 1990இல் அப்படிப்பட்ட மரணம் ஒன்றுகூட இல்லை. ஹெல்மெட்டும் விதியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் நாக்ஸி சோதனையில் ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையைக் கீழே போட்டு, அடியின் கடுமை ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மண்டை உடைவதையும் உயிர்போகும் மூளைக் காயத்தையும் மனதில் வைத்து எடுத்த எண் அது, கன்கஷனுக்கான எல்லை அல்ல. தலை சுழலும் வேகத்தை அளக்கும் சோதனை பல பத்தாண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கு 1999 முதல் மத்திய அரசின் கட்டாயத் தரம் இருக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் வேண்டுமென்றே மோதும் இந்த ஆட்டத்தின் ஹெல்மெட்டுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. பெற்றோர் இப்படிக் கேள்வி கேட்டு அலைய வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

பள்ளி ஹெல்மெட் பழசா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. டெக்சாஸ் கல்விச் சட்டப்படி, அணியில் பயன்படும் ஒவ்வொரு ஹெல்மெட்டின் வயதையும், அது சீரமைக்கப்பட்ட (கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றிய) தேதிகளையும் பள்ளி மாவட்டம் பதிவுசெய்து, பெற்றோர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். இதைப் பெரும்பாலான பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. தடகளப் பிரிவுக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: “என் மகனுக்குக் கொடுத்த ஹெல்மெட் தயாரான ஆண்டு என்ன? கடைசியாகச் சீரமைத்த தேதி என்ன?” அதே சட்டம் 16 வயதான ஹெல்மெட்டைத் தடை செய்கிறது, 10 வயதைத் தாண்டியதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சீரமைக்கச் சொல்கிறது. ஆனால் சீரமைப்பு நிறுவனங்களின் தேசியச் சங்கம் 2011 முதல் 10 வயதான ஹெல்மெட்டைத் தொடுவதே இல்லை. யாரும் செய்யாத வேலையைச் செய்யச் சொல்லும் சட்டத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள். உங்கள் கணக்குக்கு 10 ஆண்டுதான் எல்லை.

90 டாலர் ஹெல்மெட்டுக்கு வருவோம். கொடுப்பவர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். ஆனால் அது எத்தனை அடி வாங்கியது, எத்தனை கோடை காரின் டிக்கியில் வெந்தது என்று அவருக்கே தெரியாது. உள்ளே இருக்கும் பேட், அதாவது மெத்தை, இறுகிப்போயிருந்தாலும் வெளி ஓடு பளபளவென்று இருக்கும். இணையச் சந்தையில் வருபவை இன்னும் மோசம். ஓட்டைப் பாலிஷ் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, ‘புதிதாகச் சீரமைத்தது’ என்று விற்கிறார்கள். நாக்ஸி உரிமம் பெற்ற நிறுவனம் மட்டும்தான் மறுசான்று தர முடியும். அதன் பெயரும் சான்றளித்த ஆண்டும் ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய ஹெல்மெட்டை ஏற்கக்கூடிய சூழ்நிலை ஒன்று உண்டு. அதன் எல்லையை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அண்ணன் போட்டதைத் தம்பி போடுவது போல, முதல் நாளிலிருந்து வரலாறு தெரிந்த ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். தெரிந்த குடும்பம் என்பது போதாது. வாங்கிய ரசீது வேண்டும், தயாரான ஆண்டு உள்ளே தெளிவாக இருக்க வேண்டும். ஆட்டப் பருவம் முடிந்த கையோடு, டிசம்பர் வாக்கில், உரிமம் பெற்ற சீரமைப்பு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் அனுப்பினால் பயிற்சி தொடங்கும்போது வீட்டில் ஹெல்மெட் இருக்காது, அவசரத்தில் கையில் கிடைத்ததைத் தலையில் கவிழ்ப்பீர்கள். சீரமைப்பு நிறுவனத்தில் அதைக் கழற்றி, கழுவி, தேய்ந்த பேட்களை மாற்றி, மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்து, சான்றோடு திருப்பி அனுப்புவார்கள். நிராகரித்துவிட்டால் வாதாடாதீர்கள். திரும்பி வந்த பிறகும், அண்ணனின் தாடைக்குப் போட்ட பேட் தம்பிக்குச் சரியாக இருக்காது. வேறு கனத்தில் வாங்கி மாற்ற வேண்டும். ‘அடுத்த வருஷமும் ஆகும்’ என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் பழக்கம் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. பெரியவர்களின் ஹெல்மெட் கனமானது. அந்தக் கனத்தைச் சுமக்கும் கழுத்து 12 வயதில் இன்னும் வளரவில்லை. இத்தனையும் பொருந்தினால் எடுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் 90 டாலர் பேரம் இதில் எதிலும் தேறவில்லை.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திவரும் நட்சத்திரப் பட்டியலைப் பாருங்கள். இலவசம்தான். சிறுவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, உங்களுக்கு அதுதான் பொருந்தும். மதிப்பெண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. விலை ஏறினால் நட்சத்திரமும் ஏறும் என்பதில்லை.

இப்போது தொப்பிக்கும் வாய்க்காப்புக்கும் கேட்கும் மிச்சம் 150 டாலர். வாய்க்காப்பு பல்லையும் உதட்டையும் காக்கும், அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். கன்கஷனைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2012இல் மத்திய வர்த்தக ஆணையம் தடுத்து நிறுத்தியது. பெட்டியின் பெயரை மாற்றி அதே கதையை இன்றும் சொல்கிறார்கள். மெத்தைத் தொப்பியைத் தொழில்முறை அணிகள் பயிற்சியில் மாட்டுவது உண்மை. ஆனால் அவர்கள் மாட்டுவதும் பிள்ளைகளுக்கு விற்பதும் ஒரே தயாரிப்பு அல்ல. விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் நடந்த ஆய்வில், மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் தெரியவில்லை. தொப்பி மாட்டினால் ஹெல்மெட்டின் சான்று செல்லுமா என்பது ஹெல்மெட் நிறுவனத்தின் முடிவு. அவர்களிடம் கேட்காமல் மாட்டாதீர்கள். மூளைக் காயம் சீக்கிரம் ஆறும் என்று மஞ்சள் மாத்திரையும் மீன் எண்ணெயும் விற்பவர்கள் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். இந்த வியாபாரத்தைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இலேயே எச்சரித்தது. மஞ்சள் நம் சமையலறையில் இருக்கட்டும்.

காசு செலவில்லாமல் உண்மையில் பலன் தருவது ஹெல்மெட்டைத் தலைக்குச் சரியாகப் பொருத்துவது. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்து, அந்தத் தயாரிப்பின் அட்டவணைப்படி அளவைத் தேர்ந்தெடுங்கள். முடி வெட்டுவதாக இருந்தால் முதலில் வெட்டிவிட்டு அளவெடுங்கள், அடர்ந்த முடி போனாலே ஹெல்மெட் தளர்ந்துவிடும். ஆட்டநாளில் எண்ணெய் தடவி அனுப்பாதீர்கள், வழுக்கும். முன்பக்க பேட் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். காதுத் துளை காதுக்கு நேராக வர வேண்டும். தாடை பேட் இரண்டு கன்னத்தையும் தொட்டு அழுத்த வேண்டும். காற்று நிரப்பும் வகை என்றால், தலையில் மாட்டிய நிலையிலேயே, பம்ப் ஊசியில் கிளிசரின் தடவிக் காற்றடிக்க வேண்டும். ஊசி உலர்ந்திருந்தால் வால்வு கிழிந்து, அன்று முதல் காற்று கசியும். தாடைப் பட்டையின் நான்கு பொத்தானையும் போட்டுவிட்டு, முகக் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் மேலும் கீழும் அசையுங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி. தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் தளர்வு. பல பையன்கள் மூச்சு முட்டுகிறது என்று கீழ்ப் பொத்தான் இரண்டையும் போடாமல் ஓடுகிறார்கள். அடி விழும்போது ஹெல்மெட் கழன்று பறப்பது இதனால்தான்.

வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். முகக் கம்பி பொருத்திய துளைகளைச் சுற்றியும் காதுத் துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். பெயின்ட், தின்னர் எதுவும் படக்கூடாது.

கன்கஷன் குறைய மோதலின் எண்ணிக்கை குறைய வேண்டும். பள்ளி அணிகளில் முழுவேக மோதல் பயிற்சிக்கு டெக்சாஸின் பள்ளி விளையாட்டு அமைப்பு 2013இல் வாரம் 90 நிமிடம் என்று வரம்பு வைத்தது. நியூ ஜெர்சி 2019இல் அதை வெறும் 15 நிமிடமாக்கியது. உங்கள் மகன் சனிக்கிழமை தனியார் லீக்கிலும் ஆடினால் அந்த மோதல்களை யார் கணக்கு வைப்பது? யாரும் இல்லை. பள்ளி அணியில் ஒரு பயிற்சியாளர் நினைத்தால்கூட, கன்கஷன் வந்த பையனைத் திரும்ப இறக்க முடியாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் எழுதித் தர வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். இதுவும் பள்ளிகளுக்கான சட்டம்தான். தனியார் லீக்கில் அதே பையன் அதே வாரம் இறங்கினால் அந்தச் சட்டம் குறுக்கே வராது. இதைச் சட்டமன்றம் அடைக்காமல் வைத்திருப்பது பொறுப்பற்ற செயல். ஆகவே ஒரு பருவத்தில் ஒரே அணி, அதுவும் பள்ளி அணி என்று நீங்களே வரம்பு போடுங்கள்.

அடிபட்ட பிறகு அவன் திகைத்து நின்றாலோ, தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றாலோ, ஸ்கோரையும் ஆட்டத்தையும் மறந்தாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஹெல்மெட்டை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் அவனை உள்ளே அனுப்ப முடியாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடிதான் உயிருக்கே ஆபத்தாகிறது. திரும்புவது ஆறு படியாக நடக்க வேண்டும்: முதலில் வழக்கமான பள்ளி வாழ்க்கை, பிறகு மெதுவான ஓட்டம், அடுத்து வேகம் கூட்டிய உடற்பயிற்சி, மோதல் இல்லாத கடும் பயிற்சி, மோதலோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். எந்தப் படியிலாவது தலைவலி திரும்பினால் நிறுத்தி, மருத்துவரிடம் கேட்டு, ஓய்வுக்குப் பின் முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, பயிற்சியாளருக்குத் தொலைபேசி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 911ஐக் கூப்பிடுங்கள்.