குளிரென்று பிள்ளைகளை உள்ளே பூட்டாதீர்கள்

தங்கச்சி, டொராண்டோ ஸ்காபரோவில் வீட்டிலேயே பிள்ளை பார்க்கப் போவதாகவும், எவ்வளவு காசு வாங்கலாம், குளிர்காலம் முழுக்க அவர்களை உள்ளே வைத்து எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காசு விஷயம் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். லைசென்ஸ் இல்லாவிட்டால் 13 வயதுக்குக் கீழ் ஐந்து பேருக்கு மேல் வைக்கக் கூடாது, அதை மட்டும் மறக்க வேண்டாம். மற்றதற்கு என் பதில், உள்ளே வைக்காதீர்கள் என்பதுதான்.

ஒன்றிலிருந்து நாலு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று 2017இல் வந்த கனடிய வழிகாட்டல் சொல்கிறது. பேஸ்மென்டில் மூன்று மணி நேரம் எங்கே ஓடுவது? காற்றோடு சேர்த்துக் குளிர் -27 பாகைக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருங்கள். மற்ற நாட்களில் கொஞ்ச நேரமாவது வெளியே போக வேண்டும்.

எங்கள் சனத்தில்தான் எனக்குக் கோபம். "தடிமன் வரும், வெளியில விடாதேங்கோ" என்று காலையில் பிள்ளையை என்னிடம் விடும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். தடிமன் வைரஸால் வருவது. அடைத்த அறையில்தான் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றும். முழங்கால் தேயக் கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவர்கள், பெற்ற பிள்ளையை டிவிக்கு முன்னால் இருத்தச் சொல்கிறார்கள்.

உடுப்பு மாட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் எல்லோரையும் டாய்லெட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம் ஸ்னோ பேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை. ஆகச் சின்னவருக்குக் கடைசியாக மாட்டுங்கள், இல்லாவிட்டால் வேர்த்து அழுவார். ஸ்கார்ஃப் வேண்டவே வேண்டாம், சறுக்கில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். இப்போதெல்லாம் நான் பார்க்கிற ஐந்து பேரையும் கால் மணி நேரத்தில் வாசலில் நிறுத்திவிடுவேன்.

நான் வந்தது 1998இல். அடுத்த ஜனவரியில் டொராண்டோவில் ஸ்னோ அள்ள ராணுவத்தையே கூப்பிட்டார்கள். நாலு பிள்ளைகளோடு பேஸ்மென்டில் அடைந்து கிடந்தேன். சோறு இறங்காது, நித்திரை வராது, ஒருவரையொருவர் கடிப்பார்கள். எதிர்வீட்டு இத்தாலிய அம்மா ஒருநாள் தன் பேரப்பிள்ளைகளின் பழைய ஸ்னோ பேன்ட் நாலைக் கொண்டுவந்து தந்து, கையைப் பிடித்து எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிப் போனார். இருபது நிமிடம்தான். அன்று மத்தியானம் நாலு பேரும் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே நித்திரையாகிப் போனார்கள். ஈரப் பூட்ஸ்களை ஹீட்டர் பக்கத்தில் அடுக்கிவிட்டு, இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக ஒரு தேத்தண்ணியைச் சூடு ஆறுமுன் குடித்து முடித்தேன்.