செல் சாகிறது, ஆனால் 17-இல் பட்டை இல்லை: கோளாறு எங்கே?

கேள்வி: கோவையில் ஆராய்ச்சி மாணவி நான். ஈரோட்டு விரலி மஞ்சளின் எத்தனால் சாறு பைரோப்டோசிஸை, அதாவது அழற்சியோடு செல் கிழிந்து சாவதை, தடுக்கிறதா என்று பார்க்கிறேன். ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்களுக்குச் சாறும் எல்பிஎஸ்ஸும் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) ஒன்றாக விட்டு, 4 மணி நேரம் கழித்து 5 மில்லிமோலார் ஏடிபி கொடுக்கிறேன். செல் கிழிந்தால் வெளியே கசியும் எல்டிஎச் நொதி ஏறுகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) அழற்சிப் புரதமான ஐஎல்-1 பீட்டாவுக்கு 31 கிலோடால்டன் பட்டை மட்டுமே வருகிறது, 17-இல் ஒன்றுமில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: புது ஆன்டிபாடி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ரா 264.7 செல்களில் ஏஎஸ்சி புரதம் கிடையாது. ஆபத்தை உணரும் என்எல்ஆர்பி3-ஐயும் வெட்டும் நொதியான காஸ்பேஸ்-1-ஐயும் இணைத்து இன்ஃப்ளமசோம் என்ற தொகுப்பை அமைப்பது அதுதான். அது இல்லாததால் 31 கிலோடால்டன் முன்வடிவம் 17 ஆக வெட்டுப்படாது. காஸ்டெர்மின் டி என்ற புரதமும் வெட்டுப்பட்டுச் சவ்வில் துளை போடாது. பிறகு எல்டிஎச் ஏன் ஏறுகிறது? இந்த அளவு ஏடிபி, பி2எக்ஸ்7 ஏற்பி வழியாக வேறு விதத்திலும் செல்லைக் கொல்லும். செல் கிழிந்ததை எல்டிஎச் காட்டும், எந்த வழியில் என்று காட்டாது.

ஏஎஸ்சி உள்ள ஜே774ஏ.1-க்கு மாறுங்கள். அதுவும் சுண்டெலிச் செல்தான். கையிலிருக்கும் ஆன்டிபாடியே போதும். புனே தேசிய செல் அறிவியல் மையத்தில் கேட்டுப்பாருங்கள். எல்பிஎஸ் 1 மைக்ரோகிராம்/மி.லி., 4 மணி நேரம். பிறகு ஏடிபி 5 மில்லிமோலார், 30 நிமிடம். ஏடிபி கரைசல் அமிலத்தன்மை உடையது, பிஎச் 7.4-க்குக் கொண்டுவராமல் விடாதீர்கள். 17-ஐச் செல்லுக்குள் தேடாமல் மேல்திரவத்தில் தேடுங்கள்: ஏடிபி கட்டத்தில் மட்டும் சீரம் இல்லாத ஊடகம், பிறகு மெத்தனால்-குளோரோஃபார்மில் வீழ்படிவு.

இதைவிடப் பெரிய சிக்கல் சாறு விடும் நேரம். எல்பிஎஸ்ஸோடு சேர்த்து விட்டால் அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி-யை மஞ்சள் அடக்கும். முன்வடிவமே குறைவாக உருவாகும். அதைப் பார்த்து இன்ஃப்ளமசோம் அடங்கியது என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். எல்பிஎஸ் கொடுத்து மூன்றரை மணி நேரம் ஆனபின், ஏடிபிக்கு அரை மணி முன் சாறு விடுங்கள். அப்போது சீரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் சீக்கிரம் சிதையும். செல்லுக்குள் 31 எல்லாக் குழியிலும் சமமாக இருந்து, வெளியே 17 மட்டும் குறைந்தால்தான் அது தடுப்பு. ஒப்பீட்டுக்கு, என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950, 10 மைக்ரோமோலார், அதே நேரத்தில்.

குர்குமின் 425 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். அதன் வால் எல்டிஎச் படிக்கும் 490-ஐயும் தொடலாம். செல் இல்லாத, சாறு மட்டும் உள்ள குழியின் அளவைக் கழியுங்கள். முழுக்கச் சிதைத்த செல் திரவத்திலும் சாற்றைக் கலந்து பாருங்கள்: அங்கேயும் எல்டிஎச் குறைந்தால் சாறு நொதியைத்தான் முடக்குகிறது, செல்லைக் காக்கவில்லை. செல் உயிரோடு இருக்கிறதா என்று சாயத்தால் பார்க்கும் எம்டிடி சோதனை வேண்டாம். குர்குமின் அந்தச் சாயத்தைத் தானே ஒடுக்கிவிடக்கூடியது.