நரம்பும் ஹார்மோனும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பைக்கில் போகும்போது ஒரு லாரி உரசுவதுபோல் கடந்து போனது. அடி எதுவும் படவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. நரம்புத் தளர்ச்சியாக இருக்குமா?

பதில்: இல்லை. ஆபத்தைக் கண்டதும் மூளையிலிருந்து நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பிக்கு ஆணை போகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அந்தச் சுரப்பி அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டுகிறது. ஆணை நொடியில் நின்றுவிடும். ரத்தத்தில் கலந்தது சிதைந்து முடியச் சில நிமிடங்களாவது ஆகும். பயமும் சேர்ந்துகொண்டால் இன்னும் நீளும். வண்டியை ஓரங்கட்டி, படபடப்பு அடங்கிய பிறகு கிளம்புங்கள். காரணமே இல்லாமல் படபடப்பு, வியர்வை, கடும் தலைவலி மூன்றும் சேர்ந்து அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். விளம்பரம் பார்த்து நரம்பு டானிக் வாங்க வேண்டாம்.

கேள்வி: தைராய்டு மாத்திரை தொடங்கி 12 நாள் ஆகிறது. டி.எஸ்.எச். இன்னும் அதிகமாகவே இருக்கிறது. டோஸைக் கூட்டலாமா? மாத்திரையைக் காலைக் காபியோடு போடுகிறேன்.

பதில்: தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. தைராய்டை வேலை வாங்க, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், போதுமான அளவு வந்தால் இறங்கும். பலர் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படித்துவிட்டு, தைராய்டு அதிகமாகிவிட்டதென்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் போடும் மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அதனால் ஒரே டோஸில் தொடர்ந்து போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். 6 முதல் 8 வாரம் கழித்துச் சோதித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

உடனே மாற்ற வேண்டியது காபிப் பழக்கத்தை. காபி இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம்.

கேள்வி: உடலை நரம்பு மட்டும் ஆளவில்லை, ஹார்மோனும் ஆள்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (பிளஸ் டூ மாணவி)

பதில்: 1902-இல் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் செய்த சோதனை அது. மயக்கமருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பு இல்லாமலே கணையம் நீர் சுரந்தது. அப்படியானால் செய்தி ரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு, அதாவது அந்த ஹார்மோனுக்கு, செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி: குழந்தைக்கு 2 மாதம். அது பக்கத்து அறையில் அழுதாலே எனக்குப் பால் கசிகிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது வருவதே இல்லை. பால் குறைந்துவிட்டதா?

பதில்: குறையவில்லை, வெளிவரத் தயங்குகிறது. பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். உண்டான பாலைப் பீய்ச்சி வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். மூளையின் ஹைபோதாலமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்பணுக்களே ஆக்ஸிடோசினைத் தயாரித்து, பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் விடுகின்றன. நரம்பும் சுரப்பியும் ஒரே உயிரணுவாக இருக்கிற இந்த இடம், எத்தனை வருடம் படித்தாலும் எனக்கு வியப்புத்தான். அது நரம்பணு என்பதால் குழந்தை வாய் வைப்பதற்கு மட்டுமல்ல, அழுகைக் குரலுக்கும் அசைந்து கொடுக்கிறது. அதே காரணத்தால் கூச்சமும் கவலையும் வலியும் அதைத் தடுத்துவிடும்.

தனி அறையில், சாய்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் கொடுங்கள். குழந்தை ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானது. வீட்டிலிருப்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ‘பால் பத்தலையே’ என்று தாயின் காதுபட ஒருவரும் சொல்லக் கூடாது.

கேள்வி: இரவு படுக்கும்போது சர்க்கரை 130. ஒன்றும் சாப்பிடாமலே காலையில் 165. எப்படி?

பதில்: விடியலுக்கு முன் கார்ட்டிசோல் (அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோன்), வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும்போது கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. அதைச் சமாளிக்கப் போதிய இன்சுலின் இல்லாதவர்களுக்கு அளவு ஏறும். இதற்காக இரவு உணவை விட்டுவிடாதீர்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் இரண்டு, மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கும் சோதித்து, எண்களைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். டோஸை அவர் மாற்றட்டும்.