கிரேனுக்குச் சான்றிதழ் இருக்கும்போது, அது தூக்கும் லேடிலை (உருகிய இரும்பைச் சுமக்கும் வாளி) தினமும் சோதிக்க வேண்டுமா?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இரும்பு வார்ப்பாலையில் புதிதாகச் சேர்ந்தவரின் கேள்வி இது. வேண்டும். சான்றிதழ், சோதித்த அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு வகுத்தது. அது குறைந்தபட்சம்தான்.

ஷிப்ட் தொடங்கும்போது கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா, செயின் கண்ணி தேய்ந்திருக்கிறதா, லேடிலைத் தாங்கும் பக்கக் காதுகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். சாய்க்கும் கியர் தானாக நழுவக் கூடாது. கிரேன் பிரேக்கையும் சுமை ஏற்றுமுன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது ஈரத்துக்குத்தான். தண்ணீர் ஆவியானால் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்காகும். சுமார் 1,400 டிகிரி இரும்புக்கு அடியில் அது சிக்கினால் உலோகத்தையே வாரி வீசும். வேலூர் வெயிலில் எதுதான் காயாது என்ற அசட்டுத் தைரியம் நம் ஊரில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடந்த ஸ்கிராப்பை அப்படியே உலையில் போடாதீர்கள். இரண்டு முனையும் அடைத்த குழாய் இன்னும் மோசம். வெட்டித் திறந்துதான் போட வேண்டும்.

லேடிலின் உட்புறத்தில் போடும் வெப்பம் தாங்கும் பூச்சுதான் லைனிங்; புதிதாகப் போட்டது மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பர்னர் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், அவசரப்பட்டால் வெடிப்பு விடும். லேடிலின் வெளி ஓடு ஓரிடத்தில் சிவந்தால் உள்ளே லைனிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆட்களை விலக்கி, காய்ந்த குழியில் உலோகத்தைக் கொட்டிவிட்டு அந்த லேடிலை ஒதுக்குங்கள்.