‘மாக்’ என்றால் கேலியா, போலியா?

கேள்வி: சார், மாதாமாதம் மாக் டெஸ்ட் எழுதுகிறோம். அகராதியில் பார்த்தால் ‘மாக்’ என்பதற்குக் ‘கேலி செய்’ என்று போட்டிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கேலிதான் பொருள். ஒருவரைக் கேலி செய்ய எளிய வழி, அவர் நடையையும் பேச்சையும் செய்து காட்டுவது. அப்படித்தான் ‘போலச் செய்தல்’, ‘போலி’ என்ற பொருள்கள் ஒட்டிக்கொண்டன. வினையாக வந்தால் பெரும்பாலும் கேலி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் மாதிரி அல்லது போலி. மாக் டர்ட்டில் சூப்பில் ஆமை கிடையாது, கன்றுக்குட்டியின் தலைக்கறிதான். மாக்டெயிலில் மது கிடையாது. மாக்கிங்பேர்ட் மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பாடும், பாவம், யாரையும் கேலி செய்வதில்லை.

கேள்வி: அப்படியானால் தேர்தலில் நடக்கும் ‘மாக் போல்’ என்பதைப் ‘போலி வாக்குப்பதிவு’ என்று எழுதலாமா?

பதில்: எழுதினால் வம்பு. தமிழில் போலி என்றாலே மோசடி வாடை வந்துவிடும். ‘மாதிரி வாக்குப்பதிவு’ என்பதே வழக்கு. உண்மையான வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இயந்திரத்திலிருந்து அழித்துவிடுவார்கள். அழிக்க மறந்தால் அந்த ஓட்டுகளும் உண்மை ஓட்டுகளோடு சேர்ந்து, எண்ணும்போது கணக்கு இடிக்கும். கள்ள ஓட்டுக்கு ஆங்கிலத்தில் ‘போகஸ்’ இருக்கிறது. ‘மாக்’ அந்தப் பக்கமே போகாது.

கேள்வி: ‘ஹி மாக்ட் அட் மீ’ சரியா?

பதில்: ‘அட்’ வேண்டாம். ‘ஹி மாக்ட் மீ’ போதும். ‘லாஃப் அட்’ என்று பழகிய வாய் இங்கும் அதை ஒட்டிவிடுகிறது. பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் ‘மாக் அட்’ உண்டுதான், ஆனால் இன்றைக்கு எழுதினால் பரணிலிருந்து இறக்கியது போல இருக்கும். உச்சரிப்பும் ‘மாக்கெட்’ இல்லை. ‘மாக்ட்’, ஒரே அசை.

கேள்வி: நண்பர்கள் கலாய்த்தால் ‘டோன்ட் மாக் மீ’ என்று சொல்லலாமா?

பதில்: கலாய்ப்புக்கு அது கனமான சொல். அதில் இளக்காரம் கலந்திருக்கிறது. நீங்கள் புண்பட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ‘ஸ்டாப் டீசிங் மீ’ இதமானது. ஆனால் அலுவலகப் புகாரில் ‘டீஸ்’ எழுதாதீர்கள், விஷயம் விளையாட்டாக நீர்த்துப்போகும். தமிழ்நாட்டில் 1998-இல் கொண்டுவந்த சட்டத்துக்கே முதலில் ‘ஈவ் டீசிங்’ என்றுதான் பெயர்; பிறகு அதைப் ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று மாற்றினார்கள். புகாரில் ‘ஹராஸ்மென்ட்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: மாக், சார்காசம், டாண்ட், ரிடிக்யூல் எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பத்தரை மணிக்கு ஒருவர் வேலைக்கு வருகிறார் என்று வையுங்கள். “வாங்க கலெக்டர் சார், இவ்வளவு சீக்கிரமாவா?” என்றால் சார்காசம், நம்மூர் நக்கல். அவர் பையை மறைத்துக்கொண்டு பதுங்கி வருவதை நடித்துக் காட்டினால் மாக். “தைரியம் இருந்தா மேனேஜர் ரூம் வழியா போ பார்ப்போம்” என்று உசுப்பினால் டாண்ட், அதாவது சீண்டல். ஆளே ஒன்றுக்கும் உதவாதவர் என்று நாலு பேர் சிரிக்க ஆக்கினால் ரிடிக்யூல், ஏளனம்.

கேள்வி: ‘மேக் எ மாக்கரி ஆஃப்’ என்பதற்குத் தமிழில்?

பதில்: ‘கேலிக்கூத்தாக்குவது’. பெரும்பாலும் ஆளுக்கு வராது. சட்டம், விசாரணை, தேர்வு போன்றவற்றுக்கே வரும். வினாத்தாள் முன்கூட்டியே வெளியானால் தேர்வே கேலிக்கூத்து.

கேள்வி: ‘மொக்கை’ இந்த ‘மாக்’கிலிருந்து வந்ததா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. மொக்கை என்றால் மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில். முனை இல்லாத ஜோக்கும் அதே கணக்குத்தான்.