நேராகச் செல்ல மறுக்கும் படகு: ஸ்லாலம் கேனோ குறித்த கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், துடுப்பைக் கையில் எடுத்த முதல் சில வாரங்களுக்கு உரியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஸ்லாலம் என்பது பாய்ந்தோடும் ஆற்றில் தொங்கும் கழிகளுக்கு நடுவே சிறு படகைச் செலுத்தும் பந்தயம். அந்தப் படகு இரண்டு வகை. கயாக்கில் காலை நீட்டி அமர்ந்து இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்துவார்கள். கேனோவில் முழங்காலிட்டு அமர்ந்து ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்துவார்கள். கீழே உள்ளவை அனைத்தும் ஒருவர் மட்டும் செலுத்தும் கேனோவைப் பற்றியவை.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, நானும் நண்பர்களும் வெளிமாநிலத்திலிருந்து பழைய ஸ்லாலம் கேனோ ஒன்றை வாங்கி வந்திருக்கிறோம். அப்பாவின் வத்தையில் சிறு வயது முதல் துடுப்பு வலித்துப் பழகியவன் நான். ஆனால் இந்தப் படகு மூன்றாவது வீச்சிலேயே வட்டமடித்து, வந்த திசையைப் பார்த்து நின்றுவிடுகிறது. கோளாறு படகிலா, என்னிடமா?

பதில்: படகில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, தம்பி. வத்தை நீளமானது, அதன் அடிப்பகுதி நீரைப் பிடித்துக்கொண்டு நேரே ஓடும், திசை காட்டச் சுக்கானும் உண்டு. ஸ்லாலம் கேனோவின் நீளமோ ஏறத்தாழ 3.5 மீட்டர்தான், போட்டி விதியில் அதுவே குறைந்தபட்ச அளவு. அடிப்புறம் தட்டையாகவும், அணியமும் (முன்முனை) பின்முனையும் நீரைவிட்டுச் சற்று மேலெழும்பியும் இருக்கும், நேரே ஓட உதவும் ஏராக்கட்டை (அடிக்கட்டை) கிடையாது. பாய்ந்தோடும் ஆற்றில் ஒரு நொடிக்குள் திரும்பி, தொங்கும் இரு கழிகளுக்கு நடுவே எதிர்நீரில் ஏறுவதற்காகச் செய்யப்பட்ட படகு அது. எளிதில் திரும்ப வேண்டும் என்பதற்காகவே செய்த படகை நேரே ஓட்டுவதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். பலர் இதைக் கடக்கும் முன்பே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இடப்பக்கம் வலித்தால் அணியம் வலப்பக்கம் ஓடும். படகின் நடுக்கோட்டிலிருந்து அலகு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்த அளவுக்குத் திருப்பும் விசை கூடும். வத்தையில் பழகிய கை துடுப்பைச் சாய்த்துப் பிடித்து வெளிப்புறமாக அரைவட்டம் போடும். அந்தப் பழக்கம்தான் உங்களைச் சுற்றவைக்கிறது. இடுப்பளவு நீரில் நண்பர் ஒருவரை அணியத்துக்கு நேரே பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் வலிக்கும்போது துடுப்புத் தண்டு அவர் கண்ணுக்குத் தூண்போல் நிமிர்ந்து தெரிய வேண்டும். அதற்கு மேல்கையும் கீழ்கையும் இரண்டுமே படகின் விளிம்பைத் தாண்டி நீருக்கு மேலே இருக்க வேண்டும். மேல்கை விளிம்பைத் தாண்டாமல் படகுக்குள்ளேயே நின்றால் தண்டு சாய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, வீச்சை எங்கே முடிப்பது என்பது. உடலை முன்னே நீட்டி அலகை முழுவதுமாக நீரில் இறக்கி, அது இடுப்புக்கு நேரே வந்தவுடன் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுக்கப்படும் அலகு நீரை மேலே தூக்குமே தவிர, படகை முன்னே செலுத்தாது. திருப்பும் வேலையை மட்டும் இன்னும் பலமாகச் செய்யும்.

இந்த இரண்டும் கைவந்த பின், வட்டத்தை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் இடப்பக்கம் வலிப்பவர் என்றால், அணியத்துக்கு அருகே அலகை இறக்கி, படகை அதை நோக்கி இழுத்து, முதலில் இடப்பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கச் செய்யுங்கள். திரும்பத் தொடங்கிய படகு அதே வளைவில் தொடரவே பார்க்கும். இடப்பக்க வீச்சு அதை வலப்பக்கம் தள்ளும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன்செய்யும்போது படகு பெரிய வளைவில் சீராக ஓடும். ஒரு மிதவையை நங்கூரமிட்டு, அதை உங்கள் துடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கம் மாற்றாமல் பத்து மீட்டர் தொலைவில் சுற்றிவாருங்கள். சுற்று மெல்ல மெல்ல விரிந்து நேர்கோடாக மாறுவதை ஒரு வாரத்தில் நீங்களே உணர்வீர்கள்.

வீச்சின் முடிவில் மேல்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, அலகைச் சற்று வெளியே தள்ளித் திசையைத் திருத்தும் முறையும் உண்டு. அதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் அதைச் செய்தால் பாதி நேரம் படகுக்குத் தடை போடுவதிலேயே கழியும். திருத்தத்தை அடுத்த வீச்சின் தொடக்கத்தில், அணியத்தருகே செய்வதே வேகத்தைக் காக்கும் என்பது என் அனுபவம்.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவ இளைஞர்: அண்ணே, கடலில் நாள் முழுக்க வலை இழுத்தாலும் சோராத கை, இந்தப் படகில் கால்மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. தோள்மூட்டிலும் வலி இருக்கிறது.

பதில்: பதில் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. கரைவலை இழுப்பவர்கள் கையை மடக்கி மடக்கியா இழுக்கிறார்கள்? கை நீண்டபடியே இருக்க, கயிற்றைப் பற்றிக்கொண்டு உடலைப் பின்னே சாய்த்து, காலால் மணலை உதைத்து நகர்கிறார்கள். துடுப்பிலும் கையின் வேலை பிடித்துக்கொள்வது. இழுப்பது முதுகும் இடுப்பும். இடப்பக்கம் வலிக்கும்போது இடத்தோளை முன்னே செலுத்தி, மார்பு வலப்பக்கம் பார்க்கும்படி உடலை முறுக்கி, அந்நிலையில் அலகை இறக்குங்கள். பிறகு முறுக்கு அவிழும் விசையால், நீரில் ஊன்றிய துடுப்பை நோக்கிப் படகைக் கொண்டுவாருங்கள். நீரைப் பின்னே தள்ளுவதாக நினைக்காமல், நட்டுவைத்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு படகை அதைத் தாண்டி நகர்த்துவதாக நினைத்தால் உடல் தானாகவே ஒத்துழைக்கும். கீழ்கை முழங்கை, வீச்சின் முதல் பாதி வரை நீண்டே இருக்கட்டும்.

தோள்மூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கையைத் தலைக்கு மேலும் பின்னாலும் நீட்டித் துடுப்பால் ஊன்றினால் தோள் நழுவிவிடும். கைகள் எப்போதும் உங்கள் பார்வைக்குள், மார்புக்கு முன்னே இருக்கட்டும். பின்னால் எட்ட வேண்டியிருந்தால் கையை நீட்டாமல் உடலைத் திருப்புங்கள். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் துடுப்பை வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு தாயார்: என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். முழங்காலிட்டு அமர்ந்ததும் கால் மரத்துப்போகிறது என்கிறாள். பெண் பிள்ளைகள் கயாக்கில்தான் போட்டியிட முடியும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

பதில்: இல்லை அம்மா. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான கேனோ ஸ்லாலம் பிரிவு நீண்ட காலம் இல்லாதிருந்தது உண்மைதான். ஆண்களுக்கு அது 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில்தான், அதாவது 2021-இல், முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய வீராங்கனை ஜெசிக்கா ஃபாக்ஸ், 2024 பாரிஸில் கேனோ, கயாக் இரண்டு பிரிவிலும் தங்கம் வென்றார். மகளிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

கால் மரத்துப்போவது புதியவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான். இருக்கையின் மேல் ஒரு விரல் தடிமனுக்கு ஃபோம் ஒட்டி உயர்த்தினால் குதிகாலின் மேல் விழும் பாரம் குறையும். முழங்கால்கள் அகன்று, படகின் இருபக்கச் சுவரையும் தொட்டிருக்க வேண்டும். தொடைப்பட்டை இறுக்கமாக இருக்கலாம், ஆனால் இரத்த ஓட்டத்தை நெரிக்கக் கூடாது. தொடக்கத்தில் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை கரைக்கு வந்து எழுந்து நிற்கட்டும். எழுந்து நடந்த பின்பும் மரமரப்பு நீங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: துடுப்பின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? எந்தப் பக்கம் வலிப்பது நல்லது?

பதில்: தரையில் ஊன்றி நிறுத்தினால் கைப்பிடி உங்கள் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையே வரட்டும். பக்கத்தைப் பொறுத்தவரை விதி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் மூன்று நாள் முயன்றுபார்த்து, உடல் எந்தப் பக்கம் எளிதாக முறுக்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு பள்ளி விளையாட்டு ஆசிரியர்: துடுப்பு இல்லாத பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் மாணவர்கள் உடனே கையை மாற்றிப் பிடிக்கிறார்கள். இதை அனுமதிக்கலாமா?

பதில்: விதி தடுக்கவில்லை, இன்றைய முன்னணி வீரர்கள் சிலரும் கை மாற்றுகிறார்கள். எனினும் முதல் ஆண்டில் அனுமதிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பிடியை மாற்றாமல், இடுப்புக்கு மேல் உடலை முழுவதும் திருப்பி, அலகை அணியத்துக்கு மேலாகக் கடத்தி மறுபக்க நீரில் இறக்குவதே மரபான முறை. அதில் கையால் ஏமாற்ற வழியில்லை. உடல் திரும்பாவிட்டால் அலகு நீரைத் தொடாது. மேலே மண்டபத்து இளைஞருக்குச் சொன்ன முறுக்கை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. கை மாற்றும் அந்த ஒரு கணத்தில் படகு துடுப்பின் ஆதரவின்றி நிற்கிறது என்பதையும் மாணவர்களுக்கு விளக்குங்கள். ஓடும் நீரில் கவிழ்வதற்கு அந்தக் கணம் போதும்.

பாம்பனிலிருந்து ஒருவர்: நம் மாவட்டத்தில் பாறை ஆறு கிடையாது. பாலத்தின் கீழ் நீவாடு (கடல் நீரோட்டம்) வேகமாக ஓடுகிறது. ஸ்லாலம் பழக அது பொருத்தமா?

பதில்: தயவுசெய்து அங்கே இறங்காதீர்கள். ஆற்றின் சுழலுக்குப் பக்கத்தில் ஒதுங்க அமைதியான நீரும், ஏறக் கரையும் இருக்கும். பாம்பன் கால்வாயில் பாலத் தூண்களும் பாறைகளும், கடந்துபோகும் படகுகளும், தவறினால் திறந்த கடலும்தான் இருக்கின்றன.

நம்மிடம் இருப்பது தட்டை நீர். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உலகத் தரத்து வீரர்களும் தங்கள் பயிற்சியில் கணிசமான பகுதியை அசையாத நீரில் கழிகளைக் கட்டித்தான் செய்கிறார்கள். வாடைக் காலத்து மழைக்குப் பிறகு, வைகை வந்து சேரும் பெரிய கண்மாய் போன்ற நீர்நிலைகள் நிறைந்திருக்கும் மாதங்களில், உரியவர்களிடம் அனுமதி பெற்று ஓரமாகப் பழகலாம். காரங்காட்டின் அலையாத்திக் காட்டு உப்பங்கழிகளிலும் நீர் அடங்கியே இருக்கும். அங்கே வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; அவற்றின் பக்கம் பயிற்சிக்கென்று போகக் கூடாது.

கடலில் பழகுவதென்றால் காற்றின் கணக்கு முதலில் தெரிய வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா கண்ணாடிபோல் கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். இது கடற்கரையில் எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது என்பதை மறந்துவிடுகிறோம். கரையோரம் அலையே இல்லாமல் இருக்கும். நூறு மீட்டர் தள்ளிப் போனதும் ஏரா இல்லாத இந்த இலேசான படகைக் காற்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். புதியவரால் அதை எதிர்த்துத் திரும்ப முடியாது. ஆகவே விடிந்ததும் காற்று எழுமுன் இறங்குங்கள். இடுப்பளவு நீரைத் தாண்டாமல், கரைக்கு இணையாகவே செல்லுங்கள். போகும்போது காற்றை எதிர்த்தும், திரும்பும்போது காற்றோடும் வாருங்கள். தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம்.

கழிகளுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான பி.வி.சி. குழாய்கள் போதும். சவுக்குக் கம்புகளை ஊன்றிக் கயிறு கட்டி, குழாயின் நுனி நீரைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்குமாறு தொங்கவிடுங்கள். போட்டியில் ஒரு வாயிலின் இரு கழிகளுக்கு இடையே 1.2 முதல் 4 மீட்டர் வரை இடைவெளி இருக்கலாம். நீங்கள் இரண்டு மீட்டரில் தொடங்குங்கள். பச்சை வெள்ளைக் கழிகளை நீரோட்டத்தோடும், சிவப்பு வெள்ளைக் கழிகளை எதிர்நீரிலும் கடக்க வேண்டும். கழியைத் தொட்டால் 2 நொடியும், வாயிலைத் தவறவிட்டால் 50 நொடியும் நேரத்தோடு சேரும். ஆகவே வேகத்தை மறந்து, தொடாமல் போவதை மட்டும் எண்ணிப் பழகுங்கள்.

ஓடும் நீரை உணர விரும்பும் நாளில் கோழிக்கோட்டுப் பக்கம் போய்வரலாம். அங்கே சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆகிய ஆறுகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலபார் ஆற்றுத் திருவிழா நடைபெறுகிறது. கரையில் நின்று பார்ப்பதே ஒரு பாடம்.

ஏர்வாடியிலிருந்து ஒரு இளைஞர்: கவிழ்ந்தால் என்ன செய்வது? எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

பதில்: நீச்சல், படகிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உதவும். தொடைப்பட்டையும், நீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டும் உங்களைப் படகோடு கட்டியிருக்கும். தலைகீழாக இருக்கும்போது அவற்றைக் கழற்றத் தெரிய வேண்டும். ஸ்கர்ட்டின் முன்பக்கம் இழுப்பதற்கு ஒரு பட்டை உண்டு. நான் பழகிய காலத்தில் ஒருநாள் அவசரத்தில் அந்தப் பட்டையை உள்ளே மடித்து மூடிவிட்டேன். கவிழ்ந்ததும் வழக்கம்போல் கை முன்னே போனது. வழவழப்பான துணியைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை. பக்கவாட்டு விளிம்பை நகத்தால் பிறாண்டித் தூக்கித்தான் வெளியே வந்தேன். சில நொடிகள்தான் ஆகியிருக்கும். அந்த இருட்டும் மூக்கில் ஏறிய நீரும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அன்றிலிருந்து கரையை விட்டு நகருமுன் பட்டையைத் தொட்டுப்பார்க்காமல் நான் போனதில்லை. என்னிடம் பயில்பவர்களையும் விட்டதில்லை.

முதலில் ஸ்கர்ட் இல்லாமல், இடுப்பளவு நீரில், பக்கத்தில் ஒருவர் நிற்கக் கவிழ்ந்து பழகுங்கள். உடலை முன்னே குனிந்து, முகத்தைப் படகின் மேல்தட்டுக்கு அருகே கொண்டுபோங்கள். ஆழமற்ற நம் கடலில் பாறையும் பவளக்கல்லும் தலையில் படாமல் காப்பது இந்தக் குனிவும் தலைக்கவசமும்தான். பட்டையை முன்னோக்கி இழுத்து விடுவித்து, இரு கைகளாலும் விளிம்பைத் தள்ளி, முழங்காலை உருவுங்கள். பத்து முறை பதற்றமின்றி வெளியே வந்த பிறகே ஸ்கர்ட் அணியுங்கள். உடலைச் சுழற்றிப் படகோடு நிமிரும் பயிற்சி அதற்கும் பிறகுதான். உயிர்காப்பு அங்கி எப்போதும் உடலில் இருக்க வேண்டும். நடந்து கரையேறும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். படுத்திருக்கும் திருக்கை விலகிப்போகும்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர்: உப்புநீரில் படகு கெட்டுப்போகுமா?

பதில்: கார்பன் இழையும் ஃபைபரும் உப்புக்கு அஞ்சா, பட்டைகளின் உலோகக் கொக்கிகள் துருப்பிடிக்கும், உப்புப் படிந்த ஸ்கர்ட் விறைத்துப்போகும். நல்ல தண்ணீரில் கழுவி, கீற்றுக் கொட்டகை நிழலில் கவிழ்த்து வையுங்கள். சிப்பிக்கல்லில் உரசிய கீறல்களை அன்றே பார்த்து அடைத்துவிடுங்கள். நீர் இழைக்குள் இறங்கிய பின் படகின் எடை கூடத் தொடங்கும்.