மருந்து அடிக்காத வீடு கிடைக்குமா?

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. கோவையில் வாடகை வீடு தேடுகிறோம். எங்கே போனாலும் பூச்சிமருந்து அடித்துவிட்டுத்தான் சாவி தருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, 'மருந்து அடிக்க வேண்டாம், சுத்தம் செய்வதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஓனரிடம் நேரில் பேசிவிடுங்கள், புரோக்கர் தலையாட்டுவதை நம்பாதீர்கள். ஏற்கெனவே அடித்திருந்தால் என்ன மருந்து, எப்போது என்று கேளுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையென்றால் வெயில் படாத அலமாரி மூலைகளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட தங்கும், வாடை போய்விட்டது என்பதெல்லாம் கணக்கே இல்லை. சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைக்க வேண்டும். சுவரோரம் வரிசையாகத் துளைபோட்டு அடைத்த தடம் புதிதாகத் தெரிந்தால் அது கரையான் மருந்து, துடைத்தெல்லாம் போகாது, வேறு வீடு பாருங்கள். அப்புறம், கரப்பானுக்கு ஸ்பிரே வேண்டாம், ஜெல் போதும். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் கொசுப்புகை போடுகிறதா என்றும் விசாரியுங்கள்.